மயிரிழை இடைவெளி

கார்களை இரண்டடுக்காகச் சுமந்துகொண்டு துறைமுகத்தை நோக்கி ஊர்ந்து செல்லும் நீண்ட லாரிகளும், ஷிப்டு முடிந்தவர்களை அடைத்துக்கொண்டு விரையும் கம்பெனிப் பஸ்களும் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடும் சாலையில், ஒரகடம் கூட்டுரோட்டைக் கடந்து வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கமாகப் போகிறவர்கள், ஒரு லேத் பட்டறைக்கும் ஒரு டீக்கடைக்கும் நடுவே, பெயர்ப்பலகையின் எழுத்தெல்லாம் வெயிலில் வெளிறிப்போன ஒரு மைக் செட் கடையைக் கவனிக்காமலே போய்விடுவது இயல்பு. நானும் பலமுறை அப்படித்தான் போயிருக்கிறேன். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோதுதான், உள்ளே மேஜையின்மேல் விரித்த வெள்ளை வேட்டித் துண்டின் நடுவில், ஒரு தேங்காயளவு பருமனுள்ள கறுத்த இரும்பு உருண்டை ஒன்றை வைத்துக்கொண்டு, எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரோடு குனிந்திருப்பதைக் கண்டேன். அந்நேரம், பக்கத்திலுள்ள உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை முடித்துச் சீருடையோடு உள்ளே வரப்போன இளைஞனை அவர் தலைநிமிராமலே தடுத்துவிட்டார்.

“கம்பெனிச் சட்டையோட இந்தப் பக்கம் வராதடா. போய்க் கைகால் கழுவிச் சட்டய மாத்திக்கிட்டு வா.”

“சரி மாமா” என்று அவனும் வாசற்படியிலேயே திரும்பிவிட்டான். கோயில் கருவறைக்கு உள்ளது போன்ற இந்த ஆசாரம் ஒரு பழைய ஒலிபெருக்கிக்கு எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அதற்கு விஞ்ஞான ரீதியாகவே ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்காக எழுதப்பட்டதே இந்த அத்தியாயம்.

அந்த இரும்பு உருண்டைக்கு மைக் செட்டுக்காரர்களிடையே வழங்கும் பெயர் ‘யூனிட்’. கோயில் கோபுரத்திலும் பனைமரத்திலும் தேர்தல் ஜீப்பிலும் நாம் காணும் அகன்ற வாயுள்ள அலுமினியப் பகுதி ‘குழாய்’. காவல்துறையின் உத்தரவுகளில் இரண்டும் சேர்ந்து ‘கூம்பு வடிவ ஒலிபெருக்கி’ என்ற கௌரவமான நாமதேயத்தைப் பெறுகின்றன. கண்ணுக்குத் தெரிவது குழாய். ஆனால் பேசுவது அதன் பின்புறத்தில் திருகி வைத்திருக்கும் யூனிட்தான். உள்ளே ஒரு காந்தம்; அதன் இரு துருவங்களுக்கும் நடுவே வளையம் போன்ற ஒரு குறுகிய பிளவு; அப்பிளவுக்குள் எதையும் தொடாமல் தொங்கும் மெல்லிய கம்பிச்சுருளான காயில்; அக்காயில் ஒட்டப்பட்ட, கவிழ்த்த கிண்ணம் போன்ற டயாபிரம். காயிலில் பாட்டுக்கேற்ற மின்சாரம் பாய, காந்தம் அதை முன்னும் பின்னும் தள்ள, டயாபிரம் அதிர்ந்து காற்றை அசைக்கிறது. எல்லா ஒலிபெருக்கிக்கும் பொதுவான சங்கதிதான் இது.

விசேஷம் இனிமேல்தான். ‘ஒலிபெருக்கி’ என்ற சொல்லைத் தமிழில் உண்டாக்கியவர்கள் குழாய்க்கு ஓர் அநியாயம் செய்துவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். குழாய் எதையும் பெருக்குவதில்லை. கொடுத்த சக்தியைவிட அதிகச் சக்தியை வெளியிடும் வித்தை உலகத்தில் எந்தக் கூம்புக்கும் தெரியாது. அது செய்வதெல்லாம், விரயத்தைத் தடுப்பது ஒன்றே. வெறும் கையை வீசிப் பாருங்கள், காற்று விரல்களுக்கிடையே நழுவிவிடுகிறது. அதே வேகத்தில் ஒரு முறத்தை வீசினால் நெல்லிலுள்ள பதர் பறக்கிறது. சிறிய டயாபிரம் திறந்த வெளியில் அதிரும்போது, அதன் முன்னாலுள்ள காற்று அமுங்குவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் ஒதுங்கி நழுவுகிறது; ஆகவே அதன் உழைப்பில் பெரும்பகுதி சப்தமாக மாறுவதே இல்லை. 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கியதும், இன்று நம் வீட்டு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இருப்பதுமான காகிதக் கூம்பு ஸ்பீக்கர், தான் உண்ணும் மின்சக்தியில் நூற்றுக்கு ஓரிரு பங்கை மட்டுமே ஒலியாகத் திருப்பித் தருகிறது என்றால், மிச்சமெல்லாம் உஷ்ணமாய்ப் போகிறது என்றே அர்த்தம்.

டயாபிரத்தை ஓர் இறுகிய அறைக்குள் அடைத்து, அதன் பரப்பைவிடச் சுமார் பத்து மடங்கு சிறிய தொண்டை ஒன்றையே வெளியேறும் வழியாக வைத்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. காற்றுக்கு இப்போது ஒதுங்க இடமில்லை, அமுங்கித்தான் ஆகவேண்டும். அமுங்கிய காற்றைத் திடீரென்று வெளியில் விட்டாலோ அலையின் ஒரு பகுதி மோதித் திரும்பிவிடும். ஆகையால் தொண்டையிலிருந்து வாய்வரை படிப்படியாக, சீரான விகிதத்தில் விரிந்துகொண்டே போகும் குழாயொன்று வேண்டும். மின்சார டிரான்ஸ்பார்மர் உயர்ந்த வோல்டேஜைத் தாழ்ந்த வோல்டேஜாக்கிப் பொருத்துவது போல, குழாய் உயர்ந்த அழுத்தமும் சிறிய பரப்புமுள்ள அதிர்வைத் தாழ்ந்த அழுத்தமும் பெரிய பரப்புமுள்ள அதிர்வாக மாற்றி வெளிக்காற்றிடம் ஒப்படைக்கிறது. நம் எக்காளத்தையும் கொம்பையும் செய்தவர்களும், நாகசுரத்தின் நுனியில் அணசு பொருத்தியவர்களும் இதைக் காதால் அறிந்திருந்தார்கள். கணிதமாக எழுதியவர் அமெரிக்கப் பௌதிகப் பேராசிரியர் ஆர்தர் கார்டன் வெப்ஸ்டர், 1919-ல். ஒவ்வொரு குறிப்பிட்ட நீளத்திற்கும் பரப்பு இரட்டிக்கும்படி விரியும் குழாயே உத்தமம் என்று ஹன்னாவும் ஸ்லெபியனும் 1924-ல் விளக்கினார்கள்.

இதில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது சுவாரஸ்யமானது. மனிதக் குரல் தெளிவாக விளங்குவதற்கு 300 ஹெர்ட்ஸ் முதல் மேலே இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்வோம். நம் ஊர் உஷ்ணத்தில் ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஆகவே அந்த ஸ்தாயியின் அலைநீளம் ஏறக்குறைய 117 சென்டிமீட்டர். குழாயின் வாய்ச் சுற்றளவு ஓர் அலைநீளமாவது இருக்கவேண்டும் என்பது விதி. அப்படியானால் வாயின் குறுக்களவு 37 சென்டிமீட்டர், அதாவது பழைய கணக்கில் பதினைந்து அங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. ஒவ்வோர் ஆறரைச் சென்டிமீட்டருக்கும் பரப்பு இரட்டித்தால், இரண்டரைச் சென்டிமீட்டர் தொண்டையிலிருந்து அந்த வாயை எட்டுவதற்கு அரை மீட்டர் நீளம் வேண்டும். ஜீப்பின்மேல் அரை மீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் மரக்கிளைக்கும் மின்கம்பிக்கும் ஆகாது. அதனால்தான் குழாயை மும்மடியாக மடித்து, ஒலியை முன்னே அனுப்பி, பின்னே திருப்பி, மறுபடி முன்னே அனுப்பும்படி செய்திருக்கிறார்கள். கோயில் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் நடுவில் மணிபோல் ஒரு சிறு கூம்பு தெரிவது இந்த மடிப்பினால்தான்.

யூனிட்டின் வரலாறு பேசும் சினிமாவோடு பிறந்தது. அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வென்ட்டும் தூராஸும் 1926-ல் உருவாக்கிய ‘வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555’ என்பதே இன்றைய யூனிட்டுகள் அனைத்துக்கும் பாட்டன். அதன் டயாபிரம் 0.05 மில்லிமீட்டர் தடிப்புள்ள அலுமினியத் தகடு. காயிலுக்கு உருண்டைக் கம்பியை உபயோகிக்காமல் தட்டையான அலுமினிய நாடாவை நிமிர்த்திச் சுற்றியிருந்தார்கள், கிடைத்த இடத்தில் ஒரு துளியும் வீணாகாதிருக்க. அக்காலத்தில் பலமான நிலைக்காந்தம் கிடையாது. ஆகவே 7 வோல்ட்டில் ஒன்றரை ஆம்பியர் மின்சாரம் பாயும் ஒரு தனிச் சுருளே காந்தமாக வேலை செய்தது. யூனிட் வாய் திறப்பதற்கு முன்பே பத்து வாட் அதற்குத் தட்சிணை! ஆயினும் பாட்டுக்காக உண்ட மின்சக்தியில் கால் பங்கிலிருந்து பாதிவரை சப்தமாகத் திருப்பித் தந்தது. வால்வு ஆம்ப்ளிபயர்கள் சில வாட்டுகளுக்கே திணறிக்கொண்டிருந்த காலத்தில், ஆயிரம் பேர் உட்காரும் கொட்டகையை நிரப்பவேண்டுமானால் இந்தச் சிக்கனம் ஒன்றுதான் கதி. நம் பக்கத்தில் ‘காளிதாஸ்’ படம் 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் பேசத் தொடங்கியதிலிருந்து, கீற்றுக் கொட்டகை டூரிங் டாக்கீஸ்வரை, வெள்ளித்திரைக்கு வெளியே கிராமத்தைக் கூவி அழைத்தது குழாயும் யூனிட்டுமே.

அரசியலுக்கும் அதுவே வாகனமாயிற்று. காந்தியடிகளும் நேருவும் பேசும் பழைய புகைப்படங்களில் மைக்கின் முகப்பில் ‘சிகாகோ ரேடியோ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, அமெரிக்காக்காரன் நம் சுதந்திரப் போராட்டத்திற்கு மைக் கட்டினான் போலும் என்று நான் சிறுவயதில் நினைத்ததுண்டு. அது சிந்து மாகாணத்திலிருந்து பம்பாய்க்கு வந்து குடியேறிய மோட்வானி குடும்பத்தாரின் சுதேசி ஸ்தாபனம். பின்னர் டில்லியில் 1940-ல் தோன்றிய அஹூஜா கம்பெனியின் பெயர் தமிழ்நாட்டு மைக் செட்டுக்காரர் வாயில் யூனிட்டுக்கே பரியாயச் சொல்லாகிவிட்டது.

இப்போது அந்தப் பெரியவரின் மேஜைக்குத் திரும்புவோம். யூனிட்டின் நற்குணங்கள் எல்லாம் இரண்டு இடைவெளிகளில் அடங்கியிருக்கின்றன. ஒன்று, காந்தப் பிளவு: காயிலுக்கு இருபுறமும் சுமார் கால் மில்லிமீட்டர் இடமே விட்டிருப்பார்கள், ஏனெனில் பிளவு அகலமானால் காந்த வலிமை சிதறிவிடும். மற்றொன்று, டயாபிரத்துக்கு முன்னாலுள்ள துவாரங்களுடைய உலோகக் குமிழுக்கும் டயாபிரத்துக்கும் நடுவேயுள்ள சந்து. இந்தக் குமிழ் ஏன் வேண்டுமென்றால், டயாபிரத்தின் ஓரத்திலிருந்து புறப்படும் ஒலியும் நடுவிலிருந்து புறப்படும் ஒலியும் தொண்டையை வெவ்வேறு நேரத்தில் அடைந்தால், உயர்ந்த ஸ்தாயிகளில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; குமிழிலுள்ள வளையத் துவாரங்கள் எல்லாப் பகுதியின் ஒலியையும் சம தூரம் நடக்கவைத்து ஒரே சமயத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. குமிழுக்கும் டயாபிரத்துக்கும் நடுவிலுள்ள சந்து பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்குள்தான். இவ்விரண்டு மயிரிழை இடைவெளிகளும் இல்லாவிட்டால் யூனிட்டின் சாமர்த்தியமில்லை. இவை இருப்பதனாலேயே அதன் நோய்கள் அத்தனையும். பழைய யூனிட்டைப் பழுது பார்ப்பதென்பது, முடிவாகப் பார்த்தால், இந்த இரண்டு சந்துகளையும் அவை பிறந்தபோது இருந்தபடியே வைத்திருப்பதுதான்.

முதற் பகை இரும்புத்தூள். ஊருக்கு ஊர் யூனிட்டின் வியாதி மாறுகிறது. கடற்கரையில் உப்புத் துரு, வயற்காட்டில் குளவிக்கூடு, ஒரகடத்திலோ இந்தத் தூள். லேத்திலும் கிரைண்டரிலும் பறக்கும் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள், சட்டையில் ஒட்டி, தலைமயிரில் ஒட்டி, காற்றில் மிதந்து எங்கும் பரவியிருக்கிறது. மேஜையில் திறந்து வைத்த யூனிட்டின் காந்தம், ஆடி மாதக் கூழுக்குக் கூடும் கூட்டத்தைப்போல் அதைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. கால் மில்லிமீட்டர் பிளவில் இரண்டு துகள் போய் நின்றால் போதும், அவை காந்தக் கோடுகளின்மேல் முள்போல் நிமிர்ந்து நின்று காயிலின் எனாமலைச் சுரண்டும். பாட்டில் ‘கர்ர்’ என்றொரு கரகரப்புக் கேட்கும். சில நாளில் காயில் உராய்ந்து ஷார்ட் ஆகிவிடும். மருமகன் வாசற்படியிலேயே திருப்பி அனுப்பப்பட்டதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். கடைக்குப் பக்கத்திலேயே லேத் பட்டறை இருப்பதால் பெரியவர் மழைநாளில்தான் யூனிட்டைத் திறப்பாராம். மழை தூளை அமுக்கிவிடுமென்பது அவர் சொன்ன கணக்கு. எனக்கு இது அற்புதமான முன்னெச்சரிக்கையாகப் பட்டது.

பிளவுக்குள் புகுந்த தூளை எடுப்பதற்குச் சுலபமான உபாயமில்லை. ஊதினால் போகாது, துணியால் துடைத்தால் இடம் மாறிக்கொள்ளும். பெரியவர் பிளாஸ்டிக் ஒட்டுநாடாவின் பசைப்புறம் வெளியே இருக்கும்படி, ஒரு மெல்லிய அட்டைத்துண்டின்மேல் மடித்துச் சுற்றி, அதைப் பிளவுக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தார். பசையின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. மீண்டும் புதிய நாடா; மீண்டும் ஒரு கோடு, முன்னதைவிட மெலிதாக. ஆறாவது தடவை நாடா வெளுப்பாகவே வந்தது. “சாண்ட் பேப்பர் போட்டா ஆச்சா சார்?” என்று நான் கேட்காத கேள்விக்கு அவரே விடை சொன்னார்: “துருவைத் தேய்க்கிறேன்னு சொல்லி தூளைத்தான் உண்டாக்குவோம்.”

காயில் எரிந்திருக்கிறதா என்பதை அறிய மல்டிமீட்டரை வைத்தாலே போதும். 16 ஓம் என்று எழுதியுள்ள யூனிட்டில் மீட்டர் அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டவேண்டும். அதோடு மீட்டரின் சிறு மின்சாரமே டயாபிரத்தை உதைத்து ‘டக்’ என்றொரு சப்தம் வரவேண்டும். எண் சரியாக இருந்தும் சப்தம் வராவிட்டால் காயில் எங்கோ சிக்கியிருக்கிறது. எதுவுமே காட்டாவிட்டால் உடனே காயில் போய்விட்டதென்று தீர்ப்புச் சொல்லிவிடலாகாது. காயிலிலிருந்து வெளிமுனைக்கு வரும் மெல்லிய பின்னல் கம்பி, ஒவ்வோர் அதிர்விலும் வளைந்து வளைந்து, சாலிடர் வைத்த இடத்தின் ஓரத்தில் முறிந்திருக்கும். உடைந்த பழைய யூனிட்டுகளில் பல இந்த ஐந்து நிமிட வேலைக்காகவே குப்பையில் போடப்பட்டிருக்கின்றன.

வளைதலால் வரும் சோர்வு இந்தக் கம்பிக்கு மட்டும் உரியதல்ல. 1,000 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒரு மணி நேரம் ஒலித்தால் டயாபிரம் 36 லட்சம் முறை வளைந்து நிமிர்கிறது. கோயில் திருவிழாவில் பத்து மணி நேரம் பாட்டு ஓடினால் அதுவே கோடிக்கணக்கில் போய்விடுகிறது. எஃகுக்கு ஒரு குணமுண்டு: ஓர் அளவுக்குக் கீழே வளைத்தால் எத்தனை கோடி முறை வளைத்தாலும் அது சலிப்பதில்லை. அலுமினியத்துக்கோ அப்படியோர் எல்லைக்கோடு இல்லை. எவ்வளவு மெதுவாக வளைத்தாலும் என்றாவது ஒருநாள் விளிம்பில் ஒரு வெடிப்புத் தோன்றியே தீரும். ஆதலால் பழைய அலுமினிய டயாபிரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து விளிம்பின் மடிப்பை ஊசிமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று சோதித்துப் பார்க்கவேண்டும். கிராமத்துக் குழாய் யூனிட்டுகளில் பெரும்பாலும் பினாலிக் பிசினில் ஊறவைத்து அச்சில் அழுத்திய துணி டயாபிரம் இருக்கிறது. ஸ்வரத்தின் மேல்ஸ்தாயி நயம் இதில் மங்கும் என்று ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் மழையிலும் வெயிலிலும், குடிபோதையில் வால்யூம் முறுக்குகிறவர்களின் கையிலும் பிழைத்துக் கிடக்கவேண்டிய பொருளுக்கு அதுவே தகுந்ததென்பேன்.

அடுத்தபடி வரும் பிரிவில் என் சொந்தப் பிழையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பல வருஷங்களுக்கு முன், ஒரு மூடப்பட்ட கொட்டகையிலிருந்து வந்த பழைய யூனிட் ஒன்று என் கைக்கு வந்தது. பெயர்த்தகடு தேய்ந்து போயிருந்தது. உள்ளே அல்னிகோ காந்தம். அல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு உருக்கிச் சேர்த்த கலவை. 1931-ல் ஜப்பானிய உலோகவியலார் மிஷிமா கண்டறிந்த கலவையிலிருந்து வளர்ந்தது. எவ்வளவோ உஷ்ணத்தையும் தாங்கும்; ஆனால் வேறொரு பலவீனமுண்டு, அதை நான் அறிந்திருக்கவில்லை. பிளவை நன்றாகச் சுத்தம் செய்யவேண்டுமென்ற ஆசையில் போல்ட்டுகளைக் கழற்றிக் காந்தத்தையே இரும்புக் கூட்டிலிருந்து பிரித்தெடுத்து, பளபளவென்று துடைத்து, மறுபடி மாட்டினேன். யூனிட் புதுசுபோல் இருந்தது. பேசினால் பாதிக் குரல்தான். இரும்புக் கூடு காந்தக் கோடுகளுக்குச் சுலபமான பாதை. அதை உடைத்துக் காந்தத்தைத் தனியே எடுத்ததும், தன் துருவங்களே தன்னை எதிர்க்கும் நிலையில் அது தன் சக்தியில் கணிசமான பகுதியை இழந்துவிடுகிறது. ஏரிக்கரையை வெட்டித் தண்ணீரை விட்டபின் அந்த வெட்டை மூடினால் ஏரி நிரம்பிவிடுமா? பிறகு, பெரிய மின்தேக்கிகளில் சேமித்த மின்சாரத்தை ஒரே கணத்தில் ஒரு பருமனான சுருளின் வழியாகப் பாய்ச்சிக் காந்தமேற்றும் யந்திரம் வைத்திருந்த ஒருவரைத் தேடிப் பிடித்து, மறு காந்தம் ஏற்றிய பின்புதான் அதன் குரல் திரும்பிற்று. பிற்காலத்து பெரைட் காந்தங்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவில்லை. இதைச் சொன்னபோது பெரியவர் சிரித்தார். “காந்தத்தைத் தொறக்காதீங்க சார். மூடியத் தொறங்க, டயாபிரத்தைத் தொறங்க; காந்தம் மட்டும் அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

புதிய டயாபிரத்தை மாட்டும் வேலையே பழுதுபார்ப்பில் உச்சம். பின்மூடியைத் திறந்தால் முதலில் அடியிலுள்ள காகித வளையத்தைப் பார்க்கவேண்டும், பழையது பொடிந்திருக்கும். அதன் இடத்தில் கையில் கிடைத்த அட்டையை வெட்டிப் போட்டுவிடுவது சகஜமாக நடக்கும் தவறு. ஏனெனில் டயாபிரத்துக்கும் குமிழுக்கும் நடுவிலுள்ள சந்தின் அளவை நிர்ணயிப்பது அந்தக் காகிதத்தின் தடிப்புதான். தடிப்பு அதிகமானால் குரல் மங்கும், குறைந்தால் டயாபிரம் குமிழில் முட்டும். பெரியவர் பழைய வளையத்தின் ஒரு முழுத்துண்டைத் திருகு அளவுகோலில் வைத்துப் பார்த்தபின், அதே தடிப்புள்ள காகிதத்தைத் தேடி ஒரு பழைய நாட்காட்டியைக் கிழித்தார். காயிலைப் பிளவின் நடுவில் நிறுத்துவதற்கு அவருக்குப் பயன்படுவது எக்ஸ்ரே பிலிம். ஒரே பிலிமிலிருந்து நான்கு மெல்லிய கீற்றுகளை வெட்டி, காயிலுக்கும் நடுத்துருவத்துக்கும் இடையே நாற்புறமும் செருகினார். ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவரின் விலா எலும்புகளைக் காட்டிய பிலிம் இங்கே காயிலின் நடுநிலைக்குச் சாட்சியாக வந்திருந்தது. பிறகு திருகாணிகளைக் கார்ச் சக்கரத்தின் நட்டுகளை முடுக்குவதுபோல் எதிரெதிராக, ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாக, மூன்று சுற்றில் முடுக்கினார். கீற்றுகளை ஒவ்வொன்றாக உருவியெடுத்த பின், ஆஸிலேட்டரிலிருந்து மிக மெல்லிய ஸ்வரமொன்றைக் கொடுத்து, தாழ்ந்த ஸ்தாயியிலிருந்து மெதுவாக உயர்த்திக்கொண்டே போனார். ஏதோ ஒரு ஸ்தாயியில் ஈ முரலுவதுபோல் ஒரு ரீங்காரம். ஒரு திருகாணியை அரைத் தம்பிடி அளவு தளர்த்தினார், ரீங்காரம் நின்றது.

எரிந்துபோன காயிலைத் திரும்பச் சுற்ற முடியாதா என்றால், முடியும். ஆனால் பழைய அலுமினிய நாடாவுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றினால் எடை கூடுகிறது, எடை கூடினால் உயர்ந்த ஸ்தாயியில் டயாபிரம் சோம்பல்படுகிறது. ‘ச’வும் ‘ஸ’வும் பேச்சில் மழுங்கும். பழைய யூனிட்டின் ரசனைக்காக உலகெங்கும், ஜப்பானிலும் கொரியாவிலும் விசேஷமாக, அந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் காலத்துப் பொருளைத் தேடிப் பணத்தை அள்ளிக் கொடுக்கிறவர்கள் மூல டயாபிரம்தான் வேண்டுமென்று அடம்பிடிப்பதன் காரணம் பாதி பக்தி, பாதி இந்த எடைக்கணக்கு.

யூனிட்டை எரிப்பது பெரும்பாலும் கால மாற்றமே என்று நான் நினைக்கிறேன். குழாயின் எல்லைக்குக் கீழான ஸ்தாயியில், நாம் முன்பு போட்ட கணக்கில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, குழாய் காற்றைப் பிடித்துக்கொடுப்பதில்லை. டயாபிரத்துக்கு எதிரே தடையில்லாததால் அது கடிவாளம் அறுந்த குதிரைபோல் தாறுமாறாக ஓடிக் குமிழில் மோதும். எல்லைக்கு மேலேயும்கூட, அதே அளவு சப்தத்துக்கு ஸ்தாயி பாதியானால் அசைவு இரட்டிக்கும். இசைத்தட்டுக் காலத்துப் பாட்டுகளில் ஆழ்ந்த தாழ்ஸ்தாயி குறைவு. இன்றைய பாட்டுகளிலோ நெஞ்சை இடிக்கும் தாழ்ஒலிதான் முழுவதும். அதைக் குழாயில் ஏற்றினால் கேட்கவும் கேட்காது, யூனிட்டும் பிழைக்காது. இதற்குப் பரிகாரம் அற்பமானது: 16 ஓம் யூனிட்டோடு தொடராக 33 மைக்ரோபாரட் கண்டென்ஸர் ஒன்றைப் போட்டால், 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவை தாமாகவே குறைந்துவிடும். சில ரூபாய்ச் செலவில் யூனிட்டுக்குக் காப்புக் கட்டியாயிற்று. குழாயைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துக் கட்டுவதும் அப்படியே, மழைத்தண்ணீர் வழிந்துவிடும். கிடைமட்டமாகக் கட்டிய குழாயில் ஒரு கோடைக்குள் குளவி மண்கூடு கட்டிவிடும், அது தொண்டையை அடைத்துக்கொண்டால் குரல் மூக்கால் பேசுவதுபோல் ஆகிவிடும்.

குழாயின் சிக்கனமே அதற்கு எமனாகவும் ஆயிற்று. சாயங்காலம் நிலம் குளிர்ந்து, அதன்மேலுள்ள காற்றும் குளிர்ந்து, உயரத்திலுள்ள காற்று வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில், மேல்நோக்கிப் போகும் ஒலி வளைந்து மறுபடி பூமிக்குத் திரும்புகிறது. அதுவும் ஏரித்தண்ணீரின்மேல் போனால் உறிஞ்ச ஒன்றுமில்லை. ஒரகடத்தைச் சுற்றி ஏரிகள் ஏராளம். அக்கரைக் கிராமத்து ஆடித் திருவிழா இக்கரையில் தூங்குபவர் காதருகே வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாதென்றன. 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் காவல்துறை அநுமதிச் சீட்டுகளில் கூம்பு வடிவத்துக்கே இடமில்லை என்று நிபந்தனை போடுவது வழக்கமாகிவிட்டது. நான் இதில் குழாயின் பக்கம் இல்லை. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையின் பக்கம்தான். ஆயினும், அளவாக, மெல்லப் பேசவிட்டால் அதைப்போல் தெளிவாகப் பேசும் யந்திரம் வேறில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். நல்ல யூனிட்டுக்கு ஓர் அறையில் ஒரு வாட்டே அதிகம்.

மழை நின்றிருந்தது. பெரியவர் மூடியைப் பொருத்தி, தொண்டைத் துவாரத்தில் தூசி விழாமல் ஒட்டியிருந்த நாடாவைப் பிய்த்து, யூனிட்டை முதலில் குழாய் இல்லாமலேயே ஆம்ப்ளிபயரில் இணைத்தார். கொசுவின் முனகல்போல் ஒரு குரல், மேஜையைத் தாண்டாமல் நின்றது. வால்யூமைத் தொடாமல் அதைக் குழாயில் திருகிவிட்டார். அதே முனகல் இப்போது மனிதக் குரலாகிச் சாலைக்குப் போய்விட்டது. இதற்குள் கைகால் கழுவி வெள்ளைப் பனியனோடு வந்த மருமகனைச் சாலைக்கு அப்புறம் போய் நிற்கச் சொல்லிவிட்டு, பெரியவர் மைக்கைக் கையிலெடுத்து, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, “சிங்கப்பெருமாள்கோயில்” என்றார். கார்களை ஏற்றிய லாரி ஒன்று அந்நேரம் குறுக்கே போயிற்று.

“கேட்டுச்சாடா?”

“‘சிங்கப்பெருமாள்’ நல்லாக் கேட்டுச்சு மாமா” என்று எதிர்ப்புறத்திலிருந்து கூவினான் மருமகன். “‘கோயில்’ லாரியோட போயிடுச்சு. இன்னொருவாட்டி சொல்லுங்க!”